பி.எட். முடித்த பிறகு வேலை: தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லியில் முப்பத்தோரு ஆண்டுகள் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். சஷ்டிக்கு ஆர்.கே.புரம் மலைமந்திருக்குப் போனாலும், கரோல்பாகில் காய்கறி வாங்கப் போனாலும், "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று யாராவது ஒருவர் நிறுத்துவார். மகளுக்கு, மருமகளுக்கு, சில நேரம் தமக்கே, ஆசிரியர் வேலை கிடைக்க வழி கேட்பார். ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், பி.எட். முடித்தால் வேலை உறுதிதானே?

உறுதி இல்லை. பி.எட். என்பது விண்ணப்பிப்பதற்கான தகுதிதானே தவிர, நியமன ஆணை அன்று. வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூ-டைஸ் என்னும் பள்ளிப் புள்ளிவிவரக் கணக்குப்படி 2024-25ஆம் ஆண்டில் நாட்டின் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. ஆனால் பயிற்சி அளிக்கும் கல்லூரிகளும் ஏராளம். அவற்றில் மிகப் பெரும்பான்மை தனியாருடையவை என்பதையும் பலவற்றின் தரம் கவலைக்குரியது என்பதையும் நீதியரசர் ஜே.எஸ்.வர்மா தலைமையிலான ஆணையம் 2012இலேயே எடுத்துச் சொன்னது.

என் அனுபவத்தில் வேலை கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் நான்கு செய்திகள் முடிவுசெய்கின்றன: இளங்கலையில் படித்த பாடம், கற்பிக்க விரும்பும் வகுப்பு, தகுதித் தேர்வு, பள்ளியை நடத்துபவர் யார் என்பது. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் வழி திறக்கும். பொருந்தாதபோது எத்தனை நல்ல மதிப்பெண் இருந்தாலும் விண்ணப்ப நிலையிலேயே நின்றுவிட நேர்கிறது. ஆகவே, எந்தப் பணியிடத்துக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கான நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பிறகு கல்லூரியில் சேருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணியிடம் தேடுகிறார்கள்.

பி.ஆர்.டி., டி.ஜி.டி., பி.ஜி.டி. என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் பி.ஆர்.டி., ஆறு முதல் பத்து வரை டி.ஜி.டி., பதினொன்றும் பன்னிரண்டும் பி.ஜி.டி. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 35,400, 44,900, 47,600 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் இதற்கு மேல் சேரும். பி.எட். பட்டம் இரண்டாவது, மூன்றாவது நிலைகளுக்கானது. முதல் நிலைக்கு அது உதவாது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

தில்லியில் எந்தெந்தப் பள்ளிகளில் முயலலாம்?

தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை மாநகராட்சியும், ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிகளைத் தில்லி அரசின் கல்வி இயக்ககமும் நடத்துகின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் சர்வோதயப் பள்ளிகளும் இயக்ககத்துடையவை. இந்த இரண்டுக்கும் ஆள் எடுப்பது டி.எஸ்.எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியம். கே.வி.எஸ். அமைப்பு நடத்தும் கேந்திரிய வித்யாலயங்களுக்கு வேறு அறிவிக்கை வரும், ஆனால் அந்த வேலையில் இந்தியாவின் எந்த மூலைக்கும் மாற்றல் வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டே சேர வேண்டும். இவை தவிர அரசு உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் உள்ளன.

சிடெட் எழுதாமல் வேலைக்குப் போக முடியாதா?

சிடெட் என்பது மத்திய அளவிலான ஆசிரியர் தகுதித் தேர்வு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க வேண்டுமானால் அதை எழுதாமல் முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி என்.சி.டி.இ. என்னும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. டி.ஜி.டி. பணியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் அடங்குவதால் அதற்கும் சிடெட் இரண்டாம் தாள் வேண்டும். பி.ஜி.டி.க்கு வேண்டியதில்லை. தாளுக்கு 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினர் 90 எடுத்தால் தேர்ச்சி. முன்பு ஏழு ஆண்டுகளே செல்லுபடியான சான்றிதழ், 2021இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், பழைய சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். அதைவிடக் குறைந்த காலமே மீதமுள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கோர முடியாது. சிறுபான்மை நிறுவனங்களைப் பற்றிய கேள்வியை அந்தத் தீர்ப்பு பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இருபது ஆண்டுகள் பாடம் எடுத்தவர்கள் மறுபடி தேர்வு எழுத அமர்வது மனத்துக்குக் கடினமானதுதான். ஆயினும் தள்ளிப்போடாமல் எழுதிவிடும்படி என் பழைய சக ஆசிரியைகளிடம் சொல்லிவருகிறேன்.

சிடெட்டில் தமிழை எடுக்கலாமா? இந்தி தெரியாவிட்டால் என்ன செய்வது?

தாராளமாக எடுக்கலாம். சிடெட்டின் இருபது மொழிகளில் தமிழும் ஒன்று. முதல் மொழியாக ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழியாகத் தமிழையும், அல்லது மாற்றியும், தேர்ந்தெடுக்கலாம். இரண்டு மொழிக்கும் சேர்த்து 60 மதிப்பெண் இருப்பதால், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

ஆனால் சிடெட்டோடு இந்தி விடை பெற்றுக்கொள்வதில்லை. டி.எஸ்.எஸ்.எஸ்.பி. நடத்தும் 200 மதிப்பெண் டி.ஜி.டி. தேர்வில் இந்திக்கு 20 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தொடக்கப் பள்ளி உதவி ஆசிரியர் விளம்பரங்களில் பத்தாம் வகுப்பில் இந்தியில் தேர்ச்சி கேட்பது வழக்கம். கே.வி.எஸ். இந்தி, ஆங்கிலம் இரண்டின் வழியாகவும் கற்பிக்கும் திறனைக் கேட்கிறது. திருமணமாகி இங்கே வரும் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் ஆண்டிலேயே இந்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. காய்கறிக்காரரிடம் பேசும் இந்தி தேர்வுத் தாளுக்குப் போதாது.

பி.எட். இருந்தும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூடாதாமே, ஏன்?

பலருடைய மனத்தைப் புண்படுத்திய கேள்வி இது. 2018 ஜூன் 28 அன்று என்.சி.டி.இ. ஓர் அறிவிக்கை வெளியிட்டு, பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம் என்றும், நியமனம் பெற்ற பின் ஆறு மாத இணைப்புப் படிப்பை முடித்தால் போதும் என்றும் சொன்னது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2021இல் அதை ரத்துசெய்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தேவேஷ் சர்மா வழக்கில் அந்த ரத்தை உறுதிசெய்தது. அன்றைய தேதிக்கு முன்பு முறையாக நியமிக்கப்பட்டவர்களின் வேலைக்குப் பாதிப்பில்லை என்று 2024இல் விளக்கமும் வந்தது. புதிதாகச் சேர விரும்புபவருக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

தீர்ப்பின் அடிப்படை நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தையும் எண்ணையும் அறிமுகப்படுத்துவது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை. எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பின்னத்தைச் சொல்லிக்கொடுத்ததை ஒருமுறை பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். மதிய உணவுக்குக் கொண்டுவந்த சப்பாத்தியை எடுத்து மடித்தார், விரித்தார், மீண்டும் மடித்தார். மடிப்புக் கோடுகளைக் குழந்தைகள் விரலால் தடவி எண்ணினார்கள். அதற்குப் பிறகே கரும்பலகையில் ஒன்றின் கீழ் நான்கு என்று எழுதினார். எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திப் பழகிய நான் எழுத்திலிருந்து தொடங்கியிருப்பேன். டி.எல்.எட். என்னும் இரண்டாண்டுப் பட்டயம் இந்த வயதுக் குழந்தைகளுக்காகவே அமைந்தது. சிறு குழந்தைகளிடம் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் பி.எட். வேண்டாம், இந்தப் பட்டயத்தைப் படியுங்கள்.

நான் பி.காம்., பி.எட். எந்த விளம்பரத்திலும் எனக்கு இடமே இல்லையே?

கரூரிலிருந்து திருமணமாகி வந்த ஒரு பெண் இதைக் கேட்டபோது அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வணிகவியல் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆறு முதல் பத்து வரை அது ஒரு பாடமாக இல்லாததால் வணிகவியலுக்கு டி.ஜி.டி. பணியிடம் இல்லை. பி.ஜி.டி. வேண்டுமானால் எம்.காம். தேவை. அவர் தொலைநிலைக் கல்வியில் எம்.காம். சேர்ந்தார். பி.எட். சேரும் நாளிலேயே கல்லூரியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

மற்றப் பாடங்களிலும் இத்தகைய நுணுக்கங்கள் உண்டு. கே.வி.எஸ். சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றுள் இரண்டை இளங்கலையில் படித்திருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருந்தாக வேண்டும். அறிவியலுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும் கேட்கப்படுகின்றன. இயற்பியல் பட்டதாரிகள் இதை அறியாமல் ஏமாறுகிறார்கள். பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து, உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

சிறப்புக் கல்வி பி.எட். எப்படி?

பொறுமையும் மனமும் உள்ளவர்களுக்கு மிக நல்ல வழி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை உருவாக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தையும் வகுத்தது. தகுதி உள்ளவர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். இதில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரமும் பதிவு எண்ணும் கட்டாயம், வெறும் பட்டம் போதாது.

நம் தமிழ்ப் பள்ளிகள் ஏழு இருக்கின்றனவே, அங்கே கிடைக்காதா?

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அது இயல்பு, நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த இடங்கள் அவை. ஆனால் கணக்குப் பாருங்கள். ஏழு பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு எத்தனை இடங்கள் இருக்க முடியும்? ஒருவர் ஓய்வுபெற்றால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. தமிழில் பட்டமும் பி.எட்.டும் பெற்றவர்களுக்கு இந்த நகரத்தில் வேறு இடங்கள் மிகக் குறைவு என்பதால், அவர்கள் கட்டாயம் முயல வேண்டும். கணிதம், அறிவியல், ஆங்கிலம் படித்தவர்கள் இவற்றை மட்டுமே நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை.

காலேஜுக்குப் போகாமலே பி.எட். வாங்கித் தருகிறார்களாம். வாங்கிவிடலாமா?

வேண்டாம். 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. வகுப்புகளில் 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடும் வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி மட்டும் இருபது வாரங்கள். வருகைப் பதிவை விலைக்கு வாங்கியவர், பிற்காலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், பெயரும் போகும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. அந்த இருபது வாரங்களில்தான் ஒரு பள்ளி உங்களைப் பார்க்கிறது. எங்கள் பள்ளியில் திடீரென்று யாராவது விடுப்பில் போனால் முதல்வர் முதலில் கேட்பது, "போன வருஷம் பயிற்சிக்கு வந்தாளே, அந்தப் பெண் எங்கே?" என்றுதான். நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போதும், பயிற்சிக்குப் போகாதவர் மாணவரைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே பேசுவார். முதல் இரண்டு நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

கெஸ்ட் டீச்சராகப் போகலாமா?

அனுபவத்துக்காகப் போகலாம், நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் போகக் கூடாது. அரசுப் பள்ளிகளில் இவர்களுக்கு வேலை செய்த நாளுக்குத்தான் ஊதியம். கோடை விடுமுறையில் வருமானம் நின்றுவிடும். நிரந்தர ஆசிரியர் வந்தால் இடம் போகும். சுமார் 15,000 பேரை நிரந்தரமாக்கும் மசோதாவைத் தில்லி சட்டப்பேரவை 2017 அக்டோபரில் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. கெஸ்ட் டீச்சராக இருந்துகொண்டே டி.எஸ்.எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குபவர்கள் கரைசேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தில்லியில் செல்லுமா?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் தில்லியில் செல்லும். 2018 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, மற்ற மாநிலங்களுக்கு வேறு விதியைச் சொன்னபோதிலும், தில்லிக்கு அகில இந்திய இடஒதுக்கீடே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இதை அறியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்தவர்கள் உண்டு.

பிற்படுத்தப்பட்டோருக்கு நிலை வேறு. டி.எஸ்.எஸ்.எஸ்.பி. தில்லி அரசின் பட்டியலில் உள்ள சாதியையும், குடும்பம் 1993 செப்டம்பர் 8க்கு முன்பிருந்தே இங்கு வசித்ததையும் பார்க்கிறது. கே.வி.எஸ். போன்ற மத்திய அமைப்புகளுக்கு மத்தியப் பட்டியலில் இடம்பெற்ற சாதியாக இருக்க வேண்டும், சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அப்படியே இணைத்தால் ஏற்கப்படாது. வருமான வரம்பும் உண்டு.

எனக்கு 38 வயது. பிள்ளைகளை வளர்த்துவிட்டு இப்போது தொடங்கினால் காலம் கடந்துவிட்டதா?

இல்லை. கே.வி.எஸ். வயது வரம்பு பி.ஆர்.டி.க்கு 30, டி.ஜி.டி.க்கு 35, பி.ஜி.டி.க்கு 40 என்றாலும், அதன் அறிவிக்கைகளில் பெண்களுக்குப் பத்தாண்டுத் தளர்வு அளிக்கப்பட்டு வந்துள்ளது. தனியார் பள்ளிகள் வயதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, இடைவெளிக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததைக்கூடத் தயங்காமல் சொல்லுங்கள்.

பெண் இப்போதுதான் பிளஸ் டூ. பட்டப்படிப்பா, நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பா?

ஆசிரியராவதில் அவளுக்கு உறுதி இருந்தால், பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பே நல்லது. ஓராண்டு மிச்சமாகும். 2023-24இல் 57 நிறுவனங்களில் தொடங்கிய இதற்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. 2030க்குள் இதையே குறைந்தபட்சத் தகுதியாக்கும் நோக்கத்தைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 அறிவித்திருக்கிறது. பெற்றோரின் ஆசைக்காக மட்டும் என்றால், முதலில் அவள் விரும்பும் பாடத்தில் பட்டம் படிக்கட்டும்.

தனியார் பள்ளியில் எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?

தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டம் 1973, பிரிவு 10, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியரின் ஊதியமும் படிகளும் அரசுப் பள்ளி ஊழியருடையதைவிடக் குறையக் கூடாது என்கிறது. ஆகவே மேலே சொன்ன அடிப்படை ஊதியமே உங்கள் அளவுகோல். பணிக்கொடை தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது. கல்வி இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் பணிநீக்கம் செய்யவும் அதே சட்டம் தடைவிதிக்கிறது. மீறினால் மூன்று மாதத்துக்குள் தில்லிப் பள்ளித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை நியமனக் கடிதம். பதவி, ஊதிய நிலை, சேர்ந்த தேதி மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "அப்புறம் தருகிறோம்" என்றால் முதல் மாதத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பாதியைத் திருப்பிக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

இதைக் கேட்ட பெண் தன் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி பள்ளியிலிருந்து முழுச் சம்பளம் வரவு, அதே ஏழாம் தேதி ஏ.டி.எம்.மில் பெருந்தொகை எடுப்பு. பதினான்கு மாதங்கள் வரிசையாக அப்படியே இருந்தன. அலுவலகத்தில் உறையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டுமாம். பயத்தால் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்குக் கை நடுங்கியது.

இது முந்தைய பதிலில் சொன்ன பிரிவை ஏமாற்றும் வழி. தனியாகச் சண்டை போடாதீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, குறுஞ்செய்திகள், பணம் கேட்டவரின் பெயர், நாள் ஆகியவற்றை எழுதிச் சேருங்கள். உங்களைப் போன்ற சக ஆசிரியர்களைக் கண்டறிந்து, சேர்ந்து கையெழுத்திட்டுக் கல்வி இயக்ககத்தின் மண்டல அலுவலகத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வாங்குங்கள். பலன் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்தப் பெண்ணோடு மேலும் மூவர் சேர்ந்தார்கள். புகார் போன இரண்டாம் மாதத்தில் உறை கேட்பது நின்றது. கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. சிடெட் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றிருந்த அவர், இப்போது வேறொரு பள்ளியில், நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே சேர்ந்திருக்கிறார்.